பசுவின் எலும்பு ஒரு பத்தாயம்



மாட்டு எலும்பு என்றதும் மேய்ச்சல் தரையில் வெளுத்துக் கிடக்கும் எலும்புதான் நம் நினைவுக்கு வரும். உயிரோடு நிற்கும் மாட்டின் எலும்பு அப்படியல்ல. அதற்குள் ரத்தம் ஓடுகிறது. நடுவேயுள்ள மஜ்ஜையில் ரத்த அணுக்கள் உற்பத்தியாகின்றன. எலும்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தாது உப்பு. மீதி பெரும்பாலும் நார் போன்ற புரதம். நெருப்பில் வெந்த எலும்பு கை பட்டாலே பொடிகிறதே, அது நார் எரிந்துபோவதால்தான்.

உடம்பைத் தாங்குவதோடு எலும்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. உடம்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தில் 100க்கு 99 பங்கை எலும்பும் பல்லும்தான் வைத்திருக்கின்றன. பத்தாயத்தில் நெல் இருப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் ஓடுவது சுமார் 3 கிராம்தான்.

கன்று ஈன்றதும் 10 லிட்டர் சீம்பால் கறந்தால் 20 கிராமுக்கு மேல் போய்விடும்! பத்தாயம் உடனே திறக்காது. ஓரிரு நாள் ஆகும். அதற்குள் ரத்தத்தில் சத்து இறங்கினால் தசை வலுவிழந்து மாடு படுத்துவிடும். காது சில்லிடும், கழுத்தை விலாப்பக்கம் மடித்துக்கொள்ளும். இதைத்தான் பால் சுரம் என்கிறோம். பேர்தான் சுரம், உடம்பில் சூடு இருக்காது.

ஒரு ஊரில் மூன்றாம் ஈத்துக் கலப்பினப் பசு இப்படிப் படுத்தது. "சும்மா இருக்க மனசு வரலீங்க" என்று மூங்கில் குழாயில் கஷாயம் புகட்டிவிட்டார்கள். தொண்டைத் தசையும் சோர்ந்திருந்ததால் கஷாயம் நுரையீரலுக்குப் போய்விட்டது. நான் போனபோது மாடு மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் போய்விட்டது. ஆகவே படுத்த மாட்டுக்கு வாய் வழியாக எதுவும் ஊற்றாதீர்கள். வைக்கோல் மூட்டையை அண்டக் கொடுத்து, நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி வையுங்கள். கால்நடை மருத்துவரை உடனே அழையுங்கள். அவர் ரத்தக் குழாயில் மெதுவாகச் சுண்ணாம்புச் சத்து ஏற்றினால் பெரும்பாலான மாடுகள் சில மணி நேரத்தில் எழுந்துவிடும். நாமே அவசரப்பட்டு வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுபோகும்.

சினையின் கடைசி மாதத்தில் "எலும்புக்கு நல்லது" என்று சுண்ணாம்புச் சத்து மருந்தைத் தாராளமாகக் கொடுப்பவர்கள் உண்டு. அது தப்பு. வெளியிலிருந்து தாராளமாகக் கிடைத்தால் பத்தாயத்தைத் திறக்கும் பழக்கமே உடம்புக்கு விட்டுப்போகிறது. நிறையக் கறக்கும் மாட்டில் முதல் இரண்டு நாள் மடியை ஒட்டக் கறக்காதீர்கள். கன்றுக்குச் சீம்பால் மட்டும் குறையக் கூடாது. ஈன்ற பிறகு தினம் 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவையைத் தீவனத்தில் சேருங்கள்.