தேர்வு முடிந்த பின் செய்ய வேண்டியது

(படிவம் ஐந்து, ஆறாம் படிவ மாணவர்களுக்கான சிறப்பு வழிபாட்டிற்குப் பின் ஆலய மண்டபத்தில் ஆற்றிய உரை)

 

இன்று காலை உங்கள் பேனாக்களையும் நுழைவுச் சீட்டுகளையும் சுவாமி பாதத்தில் வைத்து அர்ச்சனை செய்தோம். சோதனைக்கு முன் எப்படிப் படிப்பது என்று உங்களுக்குச் சொல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நான் பேச எடுத்துக்கொண்டது சோதனைக்குப் பின் வரும் காலத்தைப் பற்றி. மண்டபத்தை விட்டு வெளியே வந்த முதல் அரைமணி நேரம் ஒன்று. அதன்பின் முடிவு வரும் வரை உள்ள சில மாதங்கள் மற்றொன்று.

ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் ஒவ்வோர் ஆண்டும் ஒரே காட்சியைப் பார்த்தேன். தாளைக் கொடுத்துவிட்டு வந்த பிள்ளைகள் மரத்தடியில் நான்கு நான்கு பேராகக் கூடுவார்கள். "பதினேழாவது கேள்விக்கு உனக்கு என்ன வந்தது?" "பி." "எனக்கு டி வந்ததே!" அவ்வளவுதான். டி என்று எழுதிய பிள்ளையின் முகம் சுருங்கிவிடும். அம்மா கட்டிக் கொடுத்த சோறு பொட்டலத்தைப் பிரிக்காமலே கிடக்கும். மதியம் அடுத்த தாள். காலையில் போனதாக எண்ணிய ஒரு புள்ளிக்காக மதியத்தில் பத்துப் புள்ளிகளைத் தொலைத்த பிள்ளைகள் உண்டு. பி என்று எழுதியவன் சொன்னதுதான் சரி என்று யார் தீர்ப்பளித்தார்கள்? அவன் சத்தமாகச் சொன்னான், அவ்வளவுதான்.

இந்தக் கவலையை நான் கேலி செய்யவில்லை. நம் பிள்ளைகள் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த நாட்டில் 1964 வரை, ஆறாம் ஆண்டு முடிவில் இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வு ஒன்று இருந்தது. அதில் தவறியவர்களுக்குப் பன்னிரண்டு வயதிலேயே பள்ளிக் கதவு மூடியது. தோட்டத்தில் பால் மரம் வெட்டப் போன நம் அப்பாக்கள், சித்தப்பாக்கள் பலரின் கதை அதுதான். அந்தத் தேர்வு நீக்கப்பட்டபின், 1965 முதல் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குத் தொடர்ந்து செல்ல வழி பிறந்தது. ஆனால் நெருக்கடி மறைந்துவிடவில்லை. பதினேழு வயதுக்குத் தள்ளிப்போனது.

நம் மஸ்ஜித் தானா வட்டாரத்திலேயே, லொண்டாங்கில், மலாக்கா மெட்ரிகுலேஷன் கல்லூரி இருக்கிறது. பேருந்தில் போகும்போது அந்தப் பெயர்ப்பலகையை நம் பிள்ளைகள் ஏக்கத்தோடு பார்க்கிறார்கள். 2019-இல் நாடு முழுவதும் மெட்ரிகுலேஷன் இடங்கள் 25,000-இலிருந்து 40,000 ஆக உயர்த்தப்பட்டன. பூமிபுத்ரா அல்லாதாருக்கு 10 விழுக்காடு என்ற கணக்கு அப்படியே இருந்தது. 2024 ஜூன் 30-ஆம் தேதி, எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ அல்லது அதற்கு மேல் பெற்ற எல்லா இன மாணவர்களுக்கும் இடம் உண்டு என்று பிரதமர் அறிவித்தார். நல்ல செய்திதான். ஆயினும் ஏழு ஏ, எட்டு ஏ எடுக்கும் பிள்ளை இன்னும் விரலை எண்ணிக்கொண்டுதான் இருக்கிறது. ஆகவே மரத்தடியில் நடக்கும் அந்தப் பேச்சு வெறும் விளையாட்டுப் பேச்சல்ல என்பது எனக்குத் தெரியும்.

ஆனால் அந்தப் பேச்சால் உண்மை தெரியவருமா என்பதே கேள்வி. இந்தியாவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வைப் பற்றித் தமிழகச் செய்திகளில் நீங்கள் கேட்டிருப்பீர்கள். 2024 மே 5-ஆம் தேதி 23 லட்சத்துக்கும் அதிகமானோர் அதை எழுதினார்கள். 720 புள்ளிகள், சரியான விடைக்கு நான்கு, தவறான விடைக்கு ஒன்று கழிப்பு. அதில் இயற்பியலில் அணுவைப் பற்றி ஒரு கேள்வி. பழைய பாடநூலில் படித்தவர்கள் ஒரு விடையையும், திருத்திய பாடநூலில் படித்தவர்கள் வேறொரு விடையையும் எழுதினார்கள். தேர்வு நடத்திய அமைப்பு இரண்டுமே சரி என்று புள்ளி கொடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. டில்லி ஐ.ஐ.டி. பேராசிரியர் குழுவை நீதிமன்றம் கேட்டது. ஒரே விடைதான் சரி என்று குழு சொன்னது. ஏறத்தாழ 4 லட்சத்து 20 ஆயிரம் மாணவர்களுக்கு ஐந்து ஐந்து புள்ளிகள் குறைந்தன. அதற்கு முன் முழுப் புள்ளி பெற்றவர்கள் 61 பேர். திருத்திய முடிவு ஜூலை 26-இல் வந்தபோது 17 பேர்.

எண்ணிப் பாருங்கள். ஒரே ஒரு கேள்விக்கு எது விடை என்று தீர்மானிக்கப் பேராசிரியர்களும் நீதிபதிகளும் வேண்டியிருந்தது. பன்னிரண்டு வாரம் ஆயிற்று. அதை மரத்தடியில் நான்கு பிள்ளைகள் பத்து நிமிடத்தில் தீர்த்துவிட முடியுமா?

நம் எஸ்.பி.எம். தேர்வில் நிலைமை இன்னும் வேறு. கணிதம் இரண்டாம் தாளில் இறுதி விடைக்கு மட்டும் புள்ளி இல்லை; செய்முறையின் படிகளுக்கும் புள்ளி உண்டு. கடைசி வரியில் தவறியவனுக்கும் மேலே உள்ள வரிகள் கை கொடுக்கும். கட்டுரைத் தாளில் நண்பன் எழுதியதும் நீ எழுதியதும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆகவே கடைசித் தாள் முடியும் வரை விடை ஒப்பிடுவதை விட்டுவிடுங்கள். "சாப்பிட்டாயா, வா, அடுத்த தாளுக்குக் குறிப்பைப் பார்ப்போம்" என்று சொல்கிறவனே நல்ல நண்பன்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. நான் அறிந்த ஒரு மாணவன், தோட்டத்துப் பையன், கெட்டிக்காரன். கூடுதல் கணிதத் தாள் முடிந்ததும் நண்பர்கள் விடைகளைச் சொல்ல, தன் தாள் போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டான். எப்படியும் இடம் கிடைக்காது என்று எண்ணித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தான். விண்ணப்பம் எதையும் அனுப்பவில்லை. முடிவு வந்தது. கூடுதல் கணிதத்தில் நல்ல தேர்ச்சி. ஆனால் விண்ணப்ப நாள் கடந்துவிட்டது. அவனை எந்தத் தேர்வாளரும் தோற்கடிக்கவில்லை. மரத்தடிப் பேச்சு தோற்கடித்தது. பின்னர் வேலை செய்துகொண்டே படித்து டிப்ளோமா வாங்கினான். ஆனால் மற்றவர்கள் மூன்று ஆண்டில் கடந்த தூரம் அவனுக்கு எட்டு ஆண்டு ஆயிற்று.

மாணவச் செல்வங்களே, எழுதிக் கொடுத்த தாளை இனி நீங்கள் தொட முடியாது. எழுதாத விண்ணப்பத்தை இன்றே எழுதலாம். கவலைப்படும் நேரத்தையெல்லாம் இதில் போடுங்கள். மெட்ரிகுலேஷன், யு.பி.யு. போன்றவற்றின் விண்ணப்பக் கதவு எஸ்.பி.எம். முடிவு வருவதற்கு முன்பே திறந்துவிடுவதுண்டு. பல்கலைக்கழக நுழைவுக்கான மதிப்பீட்டில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சி. 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கை. அந்தச் சான்றிதழ்களை முடிவு வந்தபின் தேடாதீர்கள். இப்போதே ஒரு கோப்பில் சேருங்கள்.

ஒரு கதவு மூடினால் மறு கதவு எங்கே என்றும் தெரிந்து வைத்திருங்கள். ஆறாம் படிவம் இருக்கிறது. எஸ்.டி.பி.எம். 2012 முதல் மூன்று பருவங்களாக நடக்கிறது. முதல் இரண்டு பருவத் தாள்களில் குறைந்ததை மீண்டும் எழுதி உயர்த்தலாம். டூரியான் துங்காலில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மலாக்கா இருக்கிறது. தாபோ நானிங்கில் அட்டெக் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. மலாய்மொழியிலோ வரலாற்றிலோ தவறினால் அந்தப் பாடத்தை மட்டும் மறுமுறை எழுதலாம். முடிவில் ஐயம் இருந்தால் 30 நாட்களுக்குள் மறு ஆய்வு கேட்கலாம்.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை வாசலில் கால் வைத்ததும் "எத்தனை ஏ வரும்?" என்று கேட்காதீர்கள். அது பிள்ளைக்கே தெரியாது. முதலில் சோறு போடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பேச்சை எடுக்காதீர்கள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சைக் குறைத்து, சாப்பாட்டைக் குறைத்து, அறைக்குள்ளேயே கிடந்தால் "எல்லாம் சரியாகிவிடும்" என்று விட்டுவிடாதீர்கள்; பக்கத்தில் உட்காருங்கள். சுகாதார அமைச்சின் 15555 என்ற ஹீல் எண்ணில் பேச ஆள் இருக்கிறார்கள். ஒரு தேர்வைவிடப் பிள்ளை பெரிது.

உபயதாரப் பெருமக்களே, வழிபாட்டையும் கல்வியையும் இணைப்பது இந்த நாட்டு இந்துக்களுக்குப் புதிதல்ல. 1982-இல் டாக்டர் தம்பிராஜா அவர்கள் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம், மாணவர்களையும் பெற்றோர்களையும் பத்துமலைக்குக் கல்வி யாத்திரையாக அழைத்துச் சென்று வழிகாட்டியது. நம் சிறிய ஆலயத்தால் ஒரு சிறிய காரியம் செய்ய முடியும். சோதனைக்கு முன் சிறப்பு அர்ச்சனை நடத்துகிறோம்; சோதனைக்குப் பின்னும் ஆலயக் கதவு மாணவர்களுக்குத் திறந்திருக்கட்டும். ஞாயிறு பூசை முடிந்ததும் மண்டபத்தில் ஒரு மேசை, ஒரு கணினி, விவரம் தெரிந்த இருவர். இணையத்தில் விண்ணப்பம் நிரப்பவும், சான்றிதழ்களைப் படியெடுக்கவும், நேர்காணலுக்குப் போகப் பேருந்துக் கட்டணம் இல்லாத பிள்ளைக்கு உதவவும் அது போதும். ஒரு நாள் அன்னதானச் செலவில் ஒரு பருவம் முழுவதும் இதை நடத்தலாம். நிர்வாகத்தின் முன் இதை என் முன்மொழிவாக வைக்கிறேன். அந்த மேசையில் உட்கார நான் தயார்.

திருவள்ளுவர் ஆள்வினையுடைமை என்ற அதிகாரத்தை வைத்து, அதற்கு அடுத்ததாகவே இடுக்கண் அழியாமை என்ற அதிகாரத்தை வைத்தார். முயற்சி செய் என்று சொல்லிவிட்டு, துன்பம் வந்தால் கலங்காதே என்கிறார். தாள் கையில் இருக்கும் வரை முதல் அதிகாரம். கொடுத்த பின் இரண்டாவது. இரண்டையும் படித்த பிள்ளைகளாக நீங்கள் விளங்க எல்லாம் வல்ல விநாயகப் பெருமான் அருள்புரிவாராக.