அயிரை களையல்ல, கண்மாயின் செல்வம்

(பண்ணை வானொலியில் வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



நெல், பருத்தி, உரம், மருந்து என்று பேசுகிறவன் இன்றைக்கு மீன் குழம்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் வயலுக்குப் பாயும் தண்ணீருக்கும் அடுப்பில் கொதிக்கும் சட்டிக்கும் நெருங்கிய உறவு உண்டு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

மதுரை, தேனி, சிவகங்கைப் பக்கத்தில் கொஞ்சம் வயதானவர்களிடம் அயிரை மீன் குழம்பு என்று சொல்லிப் பாருங்கள். "அதெல்லாம் எங்க அப்பத்தா காலத்தோட போச்சு தம்பி" என்று பெருமூச்சு விடுவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் பெருகும்போது வாய்க்காலில் பழைய வேட்டியை விரித்துப் பிடித்தால் போதும், குழம்புக்கு அயிரை கிடைத்துவிடும். காசு கொடுத்து வாங்கிய மீன் அல்ல அது. இன்றைக்கு அதே அயிரை மதுரைச் சந்தையில் ஆட்டுக்கறி விலையை எட்டிப் பிடிக்கிறது. சில நாளில் அதையும் தாண்டிவிடுகிறது. கண்மாய்க்காரன் வீட்டுப் பிள்ளைக்கு அது கிடைப்பதில்லை.

அயிரை என்பது விரல் நீளம் கூடத் தாண்டாத சின்ன மீன். வாயைச் சுற்றி மீசை இருக்கும். மணற்பாங்கான தரையில் உடம்பைப் புதைத்துக்கொண்டு கிடக்கும். மணலோடு சேர்த்து இரையை எடுக்கும். பாசி, மக்கிய தழை, சிறு பூச்சி எல்லாம் அதற்குத் தீனி. இதற்கு அறிவியல் பெயர் வைத்து உலகுக்கு அறிமுகம் செய்தவர் வாலென்சியென் என்ற பிரெஞ்சு அறிஞர். அது 1846-ஆம் ஆண்டு. ஆனால் நம்முடைய புலவர்கள் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னமே அயிரையை அறிந்தவர்கள். தொலைவில் உள்ள தொண்டித் துறையின் அயிரைக்காக ஒரு கிழ நாரை ஏங்குவதைப் பரணர் குறுந்தொகையிலே பாடியிருக்கிறார்.

முதலில் சமையலைச் சொல்லிவிடுகிறேன். தாய்மார்கள் கவனமாகக் கேளுங்கள்.

அயிரையை உயிரோடுதான் வாங்க வேண்டும். செத்துக் கிடந்த அயிரையில் மண்வாடை நிற்கும். மணலில் இரை எடுக்கும் மீன் ஆகையால் அதன் வயிற்றில் மண் இருக்கும். இவ்வளவு சின்ன மீனைக் கீறிக் குடல் எடுக்க முடியாது. அதற்கு நம் பெண்கள் கண்டுபிடித்த வழிதான் பால். அரைக் கிலோ அயிரையை நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, ஒரு சட்டியில் போட்டு, மூழ்குமளவு பாலோ தேங்காய்ப் பாலோ ஊற்றி மூடி வையுங்கள். மூடாவிட்டால் துள்ளி வெளியே விழும். கால் மணி நேரத்தில் மீன் பாலைக் குடித்து வயிற்றிலுள்ள மண்ணைக் கக்கிவிடும். பால் கலங்கிப் போவதை நீங்களே பார்க்கலாம்.

பிறகு அந்தப் பாலை வடித்துவிட்டு, சொரசொரப்பான மண்சட்டியில் மீனைப் போட்டு, ஒரு கைப்பிடி கல் உப்புச் சேர்த்து உரசித் தேயுங்கள். வழவழப்பு நுரையாக வரும். தண்ணீர் தெளியும் வரை நாலைந்து தடவை அலசுங்கள். இந்த வேலையில் அவசரப்பட்டால் குழம்பு கெட்டுப்போகும்.

குழம்புக்குப் பெரிய எலுமிச்சம்பழ அளவு புளியைக் கரைத்துக்கொள்ளுங்கள். மண்சட்டியில் நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றி, வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, உரித்த சின்ன வெங்காயம் இருபது, பூண்டு பத்துப் பல், தக்காளி இரண்டு போட்டு வதக்குங்கள். மஞ்சள் தூள், இரண்டு கரண்டி மிளகாய்த் தூள், மூன்று கரண்டி மல்லித் தூள் சேருங்கள். கரண்டி என்றால் தேக்கரண்டி. பிறகு புளித் தண்ணீரும் உப்பும். பச்சை வாடை போனதும் அரை மூடித் தேங்காயைக் கொஞ்சம் சீரகத்தோடு அரைத்து ஊற்றுங்கள். எண்ணெய் மேலே மிதக்கும் வரை குழம்பு தனியாகக் கொதிக்கட்டும்.

மீனை கடைசியில்தான் போட வேண்டும். போட்டதும் தீயைத் தணித்துவிடுங்கள். ஐந்து நிமிடம் போதும். கரண்டியை உள்ளே விடாதீர்கள், மீன் உடைந்து கூழாகிவிடும். துணியால் சட்டி விளிம்பைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவையுங்கள். அன்றைக்குச் சோற்றோடு சாப்பிடலாம். மறுநாள் காலையில் இட்லிக்கோ பழைய சோற்றுக்கோ தொட்டுக்கொண்டால் அதன் ருசியே வேறு.

இந்த மீனை நாம் முழுசாகச் சாப்பிடுகிறோம். தலை, முள், கண் எதையும் எறிவதில்லை. பெரிய கெண்டையில் சதையைத் தின்று முள்ளைக் குப்பையில் போடுகிறோம். அயிரையில் முள்ளும் சேர்ந்து வயிற்றுக்குள் போகிறது. முள்ளில்தான் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. பால் மாடு இல்லாத வீட்டில், வளரும் பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் பிள்ளை பெற்ற பெண்ணுக்கும் இது எவ்வளவு பெரிய உதவி என்று எண்ணிப் பாருங்கள். கடலோரத்து நெத்திலிக்கும் இதே பெருமை உண்டு.

"இத்தனை நல்ல மீன் ஏன் சார் குறைஞ்சு போச்சு?" என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு நம் கையிலேயே சில காரணங்கள் இருக்கின்றன.

மீன் வளர்ப்புக்குக் குட்டையைத் தயார் செய்யும்போது கட்லா, ரோகு விடுவதற்கு முன்பு உள்ளே இருக்கும் மீன்களையெல்லாம் அழிக்கச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. இலுப்பைப் புண்ணாக்கைக் கரைத்து ஊற்றினால் எல்லா மீனும் மிதந்துவிடும். அப்படி அழிக்கும் சின்ன மீன்களுக்கு வைத்த பெயர் களை மீன். நெல்லில் கோரை எப்படியோ, குளத்தில் அயிரை அப்படி என்று ஆகிவிட்டது. விரால், வாளை போன்ற மீன்கள் கெண்டைக் குஞ்சைத் தின்னும், அவற்றை எடுக்கத்தான் வேண்டும். ஆனால் மணலில் பாசி பொறுக்கும் அயிரை எந்தக் குஞ்சைத் தின்றது?

இந்தக் கேள்வியை நம்மைப் போல் சோறும் மீனும் உண்ணும் இன்னொரு நாட்டில் ஆராய்ந்து பார்த்தார்கள். வங்கதேசத்தில் மோலா என்று ஒரு சின்ன மீன் உண்டு. அதையும் களை மீன் என்று கொன்றுகொண்டிருந்தார்கள். பிறகு கெண்டைகளோடு மோலாவையும் ஒரே குளத்தில் விட்டுச் சோதித்தார்கள். கெண்டை விளைச்சல் அதனால் விழவில்லை. மோலா தானாகப் பெருகியது. அதில் வைட்டமின் ஏ மிகுதியாக இருப்பதும் தெரியவந்தது. அந்தச் சத்துக் குறைந்தால் பிள்ளைகளுக்கு மாலைக்கண் வரும். கெண்டை சந்தைக்குப் போனது, மோலா வீட்டுச் சட்டிக்கு வந்தது. மோலா வேறு, அயிரை வேறுதான். ஆனால் இரையைப் பறிக்காத சின்ன மீனைக் களை என்று அழிக்க வேண்டியதில்லை என்ற பாடம் நமக்கும் பொருந்தும்.

அடுத்தது மருந்து. எண்டோசல்பான் மீனுக்குக் கடும் நஞ்சு. 2011-ல் உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுவதும் நிறுத்தியது. ஆனால் இப்போது அடிக்கும் சைபர்மெத்ரின் போன்ற மருந்துகளும் மீனைக் கொல்லக்கூடியவையே. காலையில் மருந்தடித்து மாலையில் வயல் தண்ணீரை வாய்க்காலில் திறந்துவிட்டால் அயிரை எங்கே பிழைக்கும்?

இவை போக, வெளியூரிலிருந்து வந்த மீன்களும் உண்டு. ஜிலேபிக் கெண்டை 1952-ல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு இன்று எல்லாக் கண்மாயிலும் நிறைந்துவிட்டது. ஆப்பிரிக்கக் கெளுத்தி அகப்பட்டதையெல்லாம் விழுங்கும். அதை வளர்க்க அரசு தடை போட்டிருக்கிறது. ஆசை காட்டி யார் குஞ்சு விற்றாலும் வாங்காதீர்கள்.

சரி, என்ன செய்யலாம்? பெரிய செலவு ஒன்றும் இல்லை.

ஒன்று. வயலுக்கு மருந்து அடித்தால் சில நாட்களுக்குத் தண்ணீரை வெளியே விடாமல் வரப்பைக் கட்டி நிறுத்துங்கள். தெளிப்பானை வாய்க்காலில் கழுவாதீர்கள். மருந்தை ஊற்றி மீன் பிடிக்கிறவர்களை ஊர் கூடித் தடுங்கள். அது மீனைத் தின்கிற மனிதனுக்கும் ஆபத்து.

இரண்டு. குட்டையில் கெண்டை விடுவதற்கு முன் இழுவலை போட்டு விராலையும் வாளையையும் பிடித்து எடுங்கள். கண் பெரிய வலை என்றால் அயிரை தப்பிவிடும். புண்ணாக்கு ஊற்றித்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

மூன்று. புதுத் தண்ணீரில் அயிரை ஏறிவரும் முதல் மழையில் கொசுவலை கட்டி வாய்க்காலை அடைக்காதீர்கள். அது முட்டை போடும் காலம். ஒரு மாதம் பொறுத்தால் பல மடங்காகக் கிடைக்கும்.

நான்கு. கோடையில் கண்மாய் அழியும்போது ஊரே ஊத்தாவோடு இறங்குவது நம் வழக்கம். இறங்குங்கள், பிடியுங்கள். ஆனால் மடைப் பக்கத்துப் பள்ளம் ஒன்றையாவது இறைக்காமல் விட்டுவையுங்கள். விதை நெல்லைக் குத்திச் சோறாக்கும் சம்சாரி உண்டா? அந்தப் பள்ளம்தான் அயிரைக்கு விதை நெல்.

ஐந்து. வாய்க்காலைச் சீர்செய்யும்போது அடித்தரை முழுவதும் சிமெண்ட் பூசாமல், முடிந்த இடத்தில் மணல் தரையாகவே விடச் சொல்லிக் கேளுங்கள். மணல் இல்லாத இடத்தில் அயிரைக்குக் குடியிருப்பு இல்லை.

மீன்பாசி ஏலம் விடும்போது இந்த விஷயங்களை நிபந்தனையாகவே எழுதிவிடலாம். குத்தகைக்காரருக்குக் கெண்டை, ஊர்ப் பிள்ளைகளுக்கு அயிரை என்று பேசி முடித்தால் இரண்டு பக்கமும் நட்டமில்லை. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இதை ஒருவர் எழுந்து சொல்லுங்கள். எழுந்து சொல்கிறவர் நீங்களாக இருக்கட்டும்.