பரணில் கிடந்த அரசாங்க லேப்டாப்



எங்கள் ஊர் அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் காலை எட்டரை மணிக்கு நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஏற்காடு போகிற பஸ், கோரிமேடு போகிற டவுன் பஸ் எல்லாம் அந்த வழியாகத்தான் வரும். கோரிமேட்டு அரசு மகளிர் கலைக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் படிக்கட்டு வரைக்கும் நிற்பார்கள். சில வருஷங்களுக்கு முன்னால் அவர்களில் பாதிப் பேர் தோளில் ஒரே மாதிரி பை தொங்கும். லேப்டாப் பை. உள்ளே லேப்டாப் இருக்காது. டிபன் பாக்ஸும் நோட்டும்தான். அரசாங்கம் கொடுத்த பை, கெட்டியான பை. லேப்டாப் போன பிறகும் பல வீடுகளில் பை மட்டும் உழைத்தது.

அப்படி ஒரு லேப்டாப்பைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். நான் மேல்நிலைப் பள்ளியில் கணினி அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். ஆகவே கொஞ்சம் வாத்தியார் வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கன்னங்குறிச்சியில் இருக்கிற என் அக்கா மகன் ஒருநாள் போன் செய்தான். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறான். "மாமா, பரண்ல இருந்த அக்கா லேப்டாப்பை எடுத்து ஆன் பண்ணேன். நெட்டு கொடுத்ததும் என்னவோ அப்டேட்டெல்லாம் ஆச்சு. இப்ப இனிமே சப்போர்ட் கிடையாதுன்னு வருது. வைரஸா இது?"

"வைரஸ் இல்லடா. கம்பெனி நோட்டீஸ்."

"அப்ப காலாவதி ஆயிடுச்சா?"

மருந்துக் கடையில் சொல்கிற வார்த்தை அது. அட்டையின் பின்னால் தேதி போட்டிருக்கும், தாண்டினால் குப்பையில் போட வேண்டும். லேப்டாப்புக்கும் அப்படி ஒரு தேதி இருப்பதாக அவன் நினைத்துவிட்டான். அவன்மேல் தப்பில்லை. 2015 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு இலவச ஆதரவு முடிந்தது. முடிந்தது என்றால் பெட்டி நின்றுபோகாது. பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கிற வேலையைக் கம்பெனி நிறுத்திவிடும், அவ்வளவுதான். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே போய்ப் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரைக்கும் ஒரு வருஷம் சலுகை உண்டு. அதற்கப்புறம் விண்டோஸ் 11-க்குப் போகச் சொல்கிறார்கள். அதற்கோ டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லு வேண்டும், அவர்கள் போட்ட பட்டியலில் உங்கள் பிராசஸர் இருக்க வேண்டும். அக்கா மகள் வாங்கிய அந்த லெனோவோ அந்தப் பட்டியலில் இல்லை.

மறைகுறியீட்டுச் சாவிகளை இப்படித் தனிச் சில்லில் பூட்டி வைப்பது நல்ல ஏற்பாடுதான், அதை நான் கேலி செய்யவில்லை. ஆனால் ஓடுகிற பெட்டியை, பட்டியலில் பெயர் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்புவது ரேஷன் கடை வாசலில் நிற்கிற மாதிரி இருக்கிறது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கத்துக் கடை ஒன்றுக்குப் போனேன். கடைக்காரத் தம்பி மூடியைத் திறந்தான், மூடினான். "சார், இதை வச்சுக்கிட்டு ஏன் சிரமப்படறீங்க. எக்ஸ்சேஞ்ச்ல போட்டுப் புதுசு எடுத்துக்குங்க." புதுசையும் காட்டினான். வலது பக்க ஆல்ட் பட்டனுக்குப் பக்கத்தில் கோபைலட் என்று ஒரு பட்டன். 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அறிமுகப்படுத்தியது அது. "இதைத் தொட்டா ஏஐ பேசும் சார்." சரி, ராம் பின்னால் கூட்டிக்கொள்ளலாமா என்று கேட்டேன். இந்த மாடலில் போர்டோடு பற்ற வைத்து வருகிறது, கூட்ட முடியாது என்றான். பேட்டரி? உள்ளே திருகி மூடியிருக்கிறது. பரணில் கிடந்த பழசுக்கு அடியைத் திறந்தால் ராமும் ஹார்ட் டிஸ்க்கும் தனித்தனியாகக் கையில் வந்துவிடும். பத்து வருஷ முன்னேற்றத்தில் எனக்குப் பிடிக்காத பக்கம் இதுதான். மெலிசாகிவிட்டது, பிரிக்க முடியாமலும் ஆகிவிட்டது.

இங்கே கொஞ்சம் பழங்கதை சொல்ல வேண்டும்.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா இந்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கினார். அடுத்த பத்து வருஷத்துக்குள் ஐம்பது லட்சத்துக்கும் மேல் கொடுத்து முடித்தார்கள். ஆரம்பத்தில் வந்தவை 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். அதில் இரண்டு ஓஎஸ் இருந்தது என்பது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்? ஆன் செய்ததும் ஒரு பட்டியல் வரும்: ஒன்று விண்டோஸ், இன்னொன்று பாஸ். சென்னை சி-டாக் நிறுவனத்தில், லினக்ஸை வைத்து உருவாக்கி 2007-இல் வெளியிட்ட நம் நாட்டு ஓஎஸ் அது. மாணவர்கள் லேப்டாப் கைக்கு வந்ததும் முதல் வேலையாக அதை ஃபார்மட் அடித்தார்கள். பாஸ் இருந்த இடத்தில் சினிமாப் படம் ஏறியது. பாதிப் பேர் கடையில் கொடுத்து, கொடுத்திருந்த விண்டோஸையும் எடுத்துவிட்டு வேறொரு விண்டோஸ் போட்டார்கள், எல்லாம் திருட்டுப் பிரதி.

விண்டோஸா லினக்ஸா என்று முப்பது வருஷமாக உலகம் முழுக்கச் சண்டை நடக்கிறது. லினக்ஸ்காரர்களின் முதல் வாதம், அது இலவசம் என்பது. நம் ஊரில் அந்த வாதம் ஒருநாளும் எடுபடவில்லை. ஏனென்றால் இங்கே இரண்டுமே ஓசி. கடைக்காரர் பென்டிரைவில் வைத்திருப்பதை ஏற்றிவிட்டு, ஏற்றின கூலியை மட்டும் வாங்கிக்கொள்கிறார். காசு கொடுக்காத இடத்தில் காசு மிச்சம் என்று சொன்னால் யார் கேட்பார்கள்?

அரசாங்கம் முயற்சி செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். தமிழக அரசின் எல்காட் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் 2007 வாக்கில் அங்கிருந்த கணினிகளை லினக்ஸுக்கு மாற்றினார். பிறகு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதி விண்டோஸ் எக்ஸ்பி-க்கு ஆதரவு நின்றபோது, இன்றைக்கு வந்திருக்கிற இதே பிரச்சினை வந்தது. அரசு அலுவலகங்களை பாஸ் லினக்ஸுக்கு மாறச் சொல்லித் தமிழக அரசு அறிவுறுத்தியது. நான் சான்றிதழுக்கும் பென்ஷனுக்கும் ஏறி இறங்கிய அலுவலகங்களில் அந்தத் திரையை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. காரணத்தை ஒரு டைப்பிஸ்ட் அம்மாவே சொன்னார். கோப்பெல்லாம் வானவில் எழுத்துருவில் அடித்தது. "அதுல திறந்தா பூச்சி பூச்சியா வருது சார்." எந்தக் கணினியிலும் திறக்கிற ஒருங்குறியை 2010-இலேயே அரசு தரமாக ஏற்றாயிற்று. ஆனால் அந்த அம்மாவின் விரல் வானவில்லில்தான் ஓடும்.

என் பள்ளிக்கூடத்துக் கதை இதைவிட வேடிக்கை. பிளஸ் டூ கணினி அறிவியல் முதல் தொகுதி முழுக்க ஸ்டார் ஆபீஸ். மைக்ரோசாஃப்ட் வேர்டு, எக்செல் கிடையாது. சன் நிறுவனத்தின் ஸ்டார் ஆபீஸ் ரைட்டர், கால்க். நல்ல நோக்கம்தான். ஒரு கம்பெனிக்கு மட்டும் பிள்ளைகளைப் பழக்க வேண்டாம் என்று நானும் அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன். நடந்தது என்ன? பிள்ளைகள் எந்த மெனுவில் எந்தக் கட்டளை இருக்கிறது என்று மனப்பாடம் செய்தார்கள். ஆய்வகத்தில் ஒரு பெட்டிக்கு நாலு பேர். எதிரில் இருக்கிற பிரவுசிங் சென்டருக்குப் போனால் அங்கே வேர்டு. சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கி, 2011-இல் ஸ்டார் ஆபீஸையே நிறுத்திவிட்டது. புதிய பாடத்திட்டம் வரும் வரைக்கும் நாங்கள் அதை நடத்திக்கொண்டிருந்தோம். இல்லாத ஒன்றுக்கு ஐந்து மதிப்பெண் வினா. நானே விடைத்தாள் திருத்தியிருக்கிறேன். "ஃபைல் மெனு, நியூ, டெக்ஸ்ட் டாக்குமென்ட்" என்று எழுதினால் முழு மார்க்.

பக்கத்துக் கேரளத்தில் 2001-இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் சில வருஷங்களிலேயே முழுக்க லினக்ஸுக்குப் போனது. அங்கே பத்தாம் வகுப்புப் பிள்ளை கணினி முன்னால் உட்கார்ந்து செய்து காட்டுகிறது. அதற்கு முன்னால் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். வித்தியாசம் அங்கேதான். நாம் பெட்டியைக் கொடுத்தோம், பாஸையும் போட்டுக் கொடுத்தோம், அதை எப்படித் திறப்பது என்று சொல்ல ஒரு மணி நேரம் ஒதுக்கவில்லை. அந்த ஒரு மணி நேரத்தை ஒதுக்காதவர்களில் நானும் ஒருவன்.

சரி, பெட்டிக்கு வருவோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பழைய துண்டை விரித்துக் கவிழ்த்தேன். பின்பக்கத் திருகுகளை வரிசையாகக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டான் மருமகன். ஒரு திருகு ஸ்டிக்கருக்கு அடியில் ஒளிந்திருந்தது. அதைக் கண்டுபிடிக்கவே கால் மணி நேரம். ஃபேனில் தூசி கம்பளித் துண்டு மாதிரி படிந்திருந்தது, பெயின்ட் பிரஷ்ஷால் தட்டினோம். உள்ளே ஹார்ட் டிஸ்க், சீட்டுக்கட்டு அளவு. பழைய ரெக்கார்டு பிளேயர் மாதிரி அதற்குள் ஒரு தட்டு சுற்றும், ஒரு முள் ஓடும். லேப்டாப் மெதுவாகிவிட்டது என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்தத் தட்டுதான். அதே அளவில், சுற்றுகிற பாகமே இல்லாத எஸ்எஸ்டி கிடைக்கிறது. பழையதை உருவி, இதைச் சொருகினோம். அக்கா மகளின் பிளஸ் டூ பிரிவு விழாப் போட்டோக்களை மட்டும் முதலிலேயே தனியாக எடுத்து வைத்திருந்தோம். இல்லாவிட்டால் ராசிபுரத்தில் இருந்து அவள் கிளம்பி வந்திருப்பாள்.

பென்டிரைவில் லினக்ஸ் மின்ட் வைத்திருந்தேன், அதை ஏற்றினோம். முன்னால் இந்தப் பெட்டியை ஆன் செய்துவிட்டுப் போனால் அடுப்பில் குக்கர் மூன்று விசில் வந்த பிறகுதான் எலி நகரும் என்பாள் அக்கா. அன்றைக்கு முதல் விசிலுக்கு முன்னாலேயே திரை வந்து நின்றது. மருமகன் பிடிஎஃப் திறந்தான், யூடியூப் பார்த்தான், தமிழ்99 விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தபோது முகத்தைச் சுளித்தான். போனில் 'ammaa' என்று ஆங்கிலத்தில் தட்டினால் அம்மா வருகிறதே, இது எதற்கு என்கிறான். உயிர் இடக்கை, மெய் வலக்கை, 1999-இல் அவ்வளவு பேர் கூடி வகுத்தது என்று ஆரம்பித்தேன். "மாமா, எனக்கு எக்ஸாம் இருக்கு."

எல்லோரும் லினக்ஸ் போடுங்கள் என்று சொல்வதற்காக இவ்வளவும் சொல்லவில்லை. ராசிபுரத்தில் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிற அக்கா மகள் போனில் கேட்ட முதல் கேள்வி: "அதுல டேலி ஓடுமா மாமா?" நேராக ஓடாது. செவ்வாய்ப்பேட்டை மண்டியில் இருந்து லீ பஜார் வரைக்கும் கணக்கெல்லாம் டேலியில்தான் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடையில் பேஜ்மேக்கரும் கோரல்டிராவும். அவர்களிடம் போய் லினக்ஸ் பேசினால் அடிக்க வருவார்கள், அதுதான் நியாயமும். அவர்கள் தேவைக்கு விண்டோஸ்தான். ஆனால் பாடம் படிக்க, படிவம் நிரப்ப, படம் பார்க்க மட்டும் ஒரு பெட்டி வேண்டும் என்கிற வீடுதான் நம்மிடம் அதிகம். அந்த வீட்டுக்கு எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் தேவையில்லை. ஓடுகிற பெட்டியை ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று வருகிறவரிடம் போடுகிற மாதிரிப் போட வேண்டியதில்லை.

இன்னொரு காரணமும் இப்போது சேர்ந்திருக்கிறது. ஏஐ கம்பெனிகள் தங்கள் டேட்டா சென்டர்களுக்கு மெமரிச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியில் இருந்து ராம் விலை ஏறிவிட்டது. குருசியல் என்ற பெயரில் கடைகளில் ராமும் எஸ்எஸ்டியும் விற்று வந்த மைக்ரான் நிறுவனம், அந்தச் சில்லறை வியாபாரத்தையே விடப்போவதாக 2025 டிசம்பரில் சொல்லிவிட்டது. அமெரிக்காவில் எவரோ ஏஐ-யிடம் கவிதை கேட்பதற்கு அஸ்தம்பட்டியில் ஒரு பையன் ராமுக்குக் கூடுதல் காசு கொடுக்கிறான்.

2026 ஜனவரியில் இருந்து கல்லூரிப் பிள்ளைகளுக்கு 'உலகம் உங்கள் கையில்' என்று மறுபடியும் அரசாங்க லேப்டாப் கிடைக்கிறது. 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. முன்னைக்கு இது எவ்வளவோ மேல். ரவுண்டானாவில் இனி புதுப் பைகள் தெரியும். என் ஆசை ஒன்றுதான்: கொடுக்கிற அன்றைக்கே, பின்பக்கத்தை எப்படித் திறப்பது என்று ஒரு பீரியட் சொல்லிக் கொடுங்கள்.

கடைக்காரத் தம்பியை மறுபடி பார்த்தேன். பெட்டி ஓடுகிறது என்றேன், நம்பவில்லை. எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். ஆன் செய்தான், ஆஃப் செய்தான், மறுபடி ஆன் செய்தான். கடையில் அந்த நேரத்தில் வேறு ஆள் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சார், அந்தப் பென்டிரைவை ஒருநாள் கொடுங்களேன். இந்த மாதிரி நாலு பீஸ் உள்ளே கிடக்குது" என்றான்.

கொடுத்து இரண்டு மாதம் ஆகிறது. அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் என் பென்டிரைவ் எந்த மேசையில் கிடக்கிறது என்று எட்டிப் பார்க்கிறேன்.