இரத்தக் குழாயின் உட்படலம்

இரத்தக் குழாயின் உட்புறத்தே ஒற்றை அடுக்குச் செல்களாலான மெல்லிய படலம் ஒன்று உண்டு. அதனை வெறும் மேற்பூச்சாகவே மருத்துவ உலகம் நெடுங்காலம் கருதி வந்தது. அசிட்டைல்கோலின் என்னும் பொருள் உயிருள்ள உடலில் குழாய்களை விரிக்கும்; ஆய்வுக்கூடத்தில், வெட்டியெடுத்த தமனித் துண்டுகளையோ சுருக்கியது. இப்புதிருக்கு நியூயார்க்கில் ராபர்ட் ஃபர்ச்காட் 1980-இல் விடை கண்டார். முயலின் பெருந்தமனியைத் துண்டாக்கும்போது உட்படலம் உராய்ந்து அகன்றுவிடுகிறது. படலம் காக்கப்பட்ட துண்டுகள் தளர்ந்தன. படலமிழந்த துண்டை, படலமுள்ள துண்டின்மீது பொருத்தி வைத்தபோது அதுவும் தளர்ந்தது! படலத்திலிருந்து ஏதோ ஒன்று தசைக்குச் செல்கிறது என்பது உறுதியாயிற்று.

அது நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு என்பது 1987-இல் தெளிவாயிற்று. ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து உண்டாகும் இவ்வாயு சில நொடிகளே நிலைக்கும். அதற்குள் அடுத்துள்ள தசைச் செல்லிற் புகுந்து அதனைத் தளர்த்துகிறது. மார்வலிக்கு நூறாண்டுகளுக்கும் மேலாக வழங்கப்படும் நைட்ரோகிளிசரின் (டைனமைட்டின் மூலப்பொருளும் இதுவே) இதே வாயுவைத் தந்தே பயன்படுகிறது. இத்துறைக்கு 1998-இல் நோபெல் பரிசு கிட்டியது.

நிர்வாகத்துக்கும் இதில் பங்குண்டு. புகைப்பழக்கம், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் ஆகியவை, நோய்க்குறி தோன்றுமுன்பே படலத்தின் திறனைக் குன்றச் செய்கின்றன. பிறர் விடும் புகையை நெடுநாள் சுவாசித்த, உடல்நலமுள்ள இளைஞரிடத்தும் இக்குறை 1996-இல் வெளியான ஆய்வில் அளந்தறியப்பட்டது. பொது இடங்களில் புகைத்தலைத் தடுக்க 2008 அக்டோபர் 2-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இந்திய விதிகளை ஒழுங்கு நடவடிக்கையாக மட்டும் காண்பது போதாது. அவ்விதிகளின்படி அலுவலகத்தில் சாம்பல் கிண்ணம்கூட வைக்கலாகாது. அதைக் கவனிக்கும் கடமை அலுவலகப் பொறுப்பாளருடையது.