நூலக வரியும் நாமும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ரயில்வே குமாஸ்தாவாகிய எனக்குத் தெரிந்தது கணக்கு ஒன்றுதான். ஆகவே கணக்கோடு தொடங்குகிறேன். நம் புத்தூரில் வீடு கட்டிய ஒருவர் ஆண்டுக்கு 1000 ரூபாய் வீட்டு வரி செலுத்தினால், அதன்மேல் 80 ரூபாய் நூலக வரியும் செலுத்துகிறார். ரூபாய்க்கு 8 காசு என்பது இங்குள்ள சட்டம். ரசீதைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறோம். அந்த 80 ரூபாய் எங்கே போகிறது என்று கேட்டவர் நம்மில் எத்தனை பேர்?

இவ்வரி நமக்குப் புதியதன்று. 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டபோது, சித்தூர் ஜில்லா அம்மாகாணத்தில்தான் இருந்தது. கல்வி அமைச்சர் அவிநாசிலிங்கம் செட்டியார் அதனைக் கொணர்ந்தார். அதன் பின்னின்று பல்லாண்டு உழைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னையுடன் சேர்ந்தது. புத்தூர் இங்கேயே நின்றது. அதே 1960-இல் ஆந்திரப் பிரதேசம் தனக்கென ஒரு நூலகச் சட்டம் செய்துகொண்டது. எல்லை மாறிற்று, வரி மட்டும் நம்மை விடவில்லை!

தெலுங்கு மக்களின் நூலகப் பற்றை நாம் குறைவாக எண்ணலாகாது. 1914-இலேயே விஜயவாடாவில் நூலக மாநாடு கூட்டியவர்கள் அவர்கள். 1931-இல் மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டு வண்டியில் நூல்கள் கிராமம் கிராமமாகச் சென்றன. 1935-இல் கிருஷ்ணா ஆற்றுக் கால்வாயில் அவர்கள் படகில் நூல்களை ஏற்றி அனுப்பினார்கள். எலும்பு முறிந்து தமிழ்நாட்டிலிருந்து ஓடி வருவோர்க்குப் புத்தூர்க் கட்டுப் போடுபவர் என்ன மொழி என்று கேட்டா போடுகிறார்? ஆகவே நாம் கேட்கப் போவதைப் பகையாக எவரும் கொள்ளார். கூச்சம் நம்மிடத்தில்தான் இருக்கிறது.

நிற்க. நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். கடிதம் வந்தால் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுகிறார்கள். பாட்டி ஊரிலிருந்து எழுதியதைத் தகப்பனார் படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பள்ளியில் தமிழ் இல்லாத பிள்ளைக்கு நூலகத்தில் ஓர் அலமாரித் தமிழ் நூலாவது வேண்டாமா?

இதற்கு வழி என்ன? ஒன்றை நன்கு கவனியுங்கள். வரியை வசூலிப்பது நகராட்சி; கிராமமாயின் பஞ்சாயத்து. அப்பணத்தைப் பெற்று நூலகங்களை நடத்துவது ஜில்லா கிரந்தாலய சம்ஸ்தா. பல ஊர்களில் வசூலான நூலக வரி உரிய காலத்தில் சம்ஸ்தாவுக்குப் போய்ச் சேருவதில்லை என்ற செய்தி அடிக்கடி வெளிவருகிறது. ஆகவே, வசூலானது எவ்வளவு, செலுத்தியது எவ்வளவு என்ற கேள்வி நகராட்சிக் கூட்டத்திற்குரியது. அங்கே நாம் எழுந்து பேச இயலாது. வார்டு உறுப்பினர் வாயிலாகக் கேட்கலாம். பஞ்சாயத்து எல்லையில் வாழும் அன்பர்கள் கிராம சபையில் தாமே எழுந்து கேட்கலாம். தமிழ் நூல் வேண்டும் என்ற மனுவோ சம்ஸ்தாவுக்குப் போக வேண்டும். கதவு மாறித் தட்டினால் விடை வாராது.

மனுவுக்கு முன் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. நாம் நூலகத்தில் உறுப்பினராதல் வேண்டும். பதிவேட்டில் பெயரே இல்லாதவன் நூல் கேட்டால் யார் செவிமடுப்பார்? அன்பளிப்பாகப் பழைய பத்திரிகைக் கட்டுகளைக் கொடுத்துவிட்டுக் கடமை தீர்ந்தது என்று சிலர் எண்ணுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வரி செலுத்தியவன் கேட்டுப் பெறுவதே முறை.

ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் என் போன்றோர் வீட்டு வரி கட்டுவதில்லை. ஆதலின் மனுவில் முதற் கையொப்பங்கள் சொந்த வீட்டுக்காரர்களுடையவாக இருக்கட்டும். நாங்கள் பின்னால் போடுகிறோம்.

ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 20 வரை நூலக வார விழா நடைபெறுகிறது. அவ்வாரத்தில் நம் பிள்ளைகள் பத்துப் பேரேனும் அங்கே தமிழில் வாசித்துக் காட்ட இடம் கேட்போம். மனுவின் நகல் செயலாளரிடம் இருக்கிறது. வரி ரசீது உள்ளவர்கள் அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை சங்கத்திற்கு வாருங்கள்.