படியும் கிலோவும்

(வானொலிப் பண்ணை நிகழ்ச்சியில் ஒலிபரப்பான பேச்சு)



1956ஆம் ஆண்டுச் சட்டத்தோடு கிலோவும் லிட்டரும் நம் நாட்டுக்கு வந்தன. ஆனாலும் படியும் மரக்காலும் நம்மை விட்டுப் போகவில்லை. அதில் தவறு இல்லை. முகத்தலளவையையும் எடையையும் ஒன்றாக நினைத்துக் கணக்குப் போடும்போதுதான் நஷ்டம் வருகிறது.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை இருக்கும். மற்றப் பொருள்கள் அப்படி இல்லை. ஒரு லிட்டர் படியில் தலை தட்டி அளந்தால் அரிசி ஏறக்குறைய 800 கிராம் நிற்கும். நெல் 550 முதல் 600 கிராம்தான். உமி இருப்பதாலும், மணிக்கு மணி இடைவெளி இருப்பதாலும் நெல் இடத்தை அடைக்கும், எடை காட்டாது. கடலை எண்ணெய் ஒரு லிட்டர் சுமார் 910 கிராம். பால் தண்ணீரைவிடச் சற்றுக் கனம், 1,030 கிராம் வரும்.

இப்போது அரவைக்கு வருவோம். இரண்டு மரக்கால் நெல் குத்தினால் ஒரு மரக்கால் அரிசி என்று பெரியவர்கள் சொல்வார்கள். அளவுப்படி அது சரியான கணக்குத்தான். ஆனால் அதே "பாதிக்குப் பாதி" எடைக்குப் பொருந்தாது. நன்றாகக் காய்ந்த, பதர் நீக்கிய 100 கிலோ நெல்லில் ஏறக்குறைய 65 கிலோ அரிசி கிடைக்க வேண்டும். மீதி உமியும் தவிடும். "நெல்லுக்குப் பாதி அரிசி" என்று சொல்லி 50 கிலோவை ஒருவர் தந்தால், 15 கிலோ அரிசி எங்கே போயிற்று என்று கேளுங்கள். நெல்லை எடையில் கொடுத்தால் அரிசியையும் எடையில் வாங்குங்கள். அளவில் கொடுத்தால் அளவில் வாங்குங்கள்.

எண்ணெயும் அப்படித்தான். செக்கில் 10 கிலோ எண்ணெய் இறங்கினால் அது கிட்டத்தட்ட 11 லிட்டர். லிட்டர் விலையை வைத்துக்கொண்டு 10 கிலோவுக்கு 10 லிட்டர் பணம் வாங்கினால் ஒரு லிட்டர் சும்மா போய்விடும். கல்யாணச் சமையலுக்கு 10 கிலோ எண்ணெய் என்று சமையல்காரர் எழுதிக் கொடுத்திருப்பார். நீங்கள் 10 லிட்டர் வாங்கினால் பந்தி நடுவில் 900 கிராம் குறையும்.

சரி, உங்கள் வீட்டுப் படி எத்தனை கிலோ? ஊருக்கு ஊர் படி வேறு. பட்டணம் படி சுமார் 1.7 லிட்டர், சின்னப்படி அதில் பாதி. அதனால் நீங்களே நிறுத்துப் பாருங்கள். முதலில் வெறும் பாத்திரத்தை நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதில் பத்துப் படி அரிசியைத் தலை தட்டிப் போட்டு நிறுத்து, பாத்திர எடையைக் கழித்துப் பத்தால் வகுங்கள். ஒரு படியின் எடை கிடைத்துவிடும். நெல், கேழ்வரகு, உளுந்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் செய்து, குதிர்ப் பக்கத்துச் சுவரில் எழுதி வையுங்கள்.

இரண்டு விஷயம் கவனியுங்கள். குவித்து அளப்பது, குலுக்கி அளப்பது இரண்டுமே கணக்கை மாற்றிவிடும். எப்போதும் ஒரே மாதிரி அளக்க வேண்டும். ஈரத் தானியம் எடை கூடக் காட்டும். காய்ந்த பிறகே நிறுத்துப் பாருங்கள். எடை போடும் தராசில் முத்திரை இருக்கிறதா என்றும் ஒரு கண் வையுங்கள்.

பாடுபட்டு விளைவித்த தானியம், அளவுக் கணக்கில் கை நழுவக் கூடாது.