மறைந்திருக்கும் குருதி சொல்லும் செய்தி



இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் ஆகிய நாடுகளில் 50 முதல் 74 வயது வரையானோரின் வீடுகளுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை தபாலில் ஒரு சிறு பொதி வருகின்றது. மலத்தில் சிறிதளவு எடுத்து அனுப்புமாறு தேசிய சுகாதார சேவை அதிற் கேட்டுக்கொள்கின்றது. அருவருப்பு, கூச்சம், ஆங்கிலக் கடிதம் விளங்காமை, 'எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே' என்ற எண்ணம் ஆகியவற்றால் அப்பொதி சில வீடுகளில் திறக்கப்படாமலே குப்பைக்குப் போய்விடுகின்றது. உயிரோடு தொடர்புடைய ஒரு செய்தியும் அதனுடன் சேர்ந்து போய்விடுகின்றது.

பெருங்குடற் புற்றுநோய் ஒரே நாளில் தோன்றுவதன்று. குடலின் உட்சுவரில் முளைக்கும் சிறு சதை வளர்ச்சி பல ஆண்டுகள் கழித்தே புற்றாக மாறுகின்றது. அவ்வேளையில் கண்ணுக்குத் தெரியாத அளவில் குருதி கசியலாம். வலியிராது, வேறு அறிகுறியும் இராது. அக்கசிவைக் கண்டறிவதே இப்பரிசோதனையின் நோக்கமாகும்.

இதன் பயன் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 46,551 பேரிடம் ஆராயப்பட்டது. ஆண்டுதோறும் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களிடையே பெருங்குடற் புற்றுநோயால் ஏற்பட்ட மரணம் 33 வீதம் குறைந்ததென 1993 இல் அறிவிக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பரிசோதித்தபோது இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் 15 வீதமும், டென்மார்க்கின் ஃபூனன் தீவில் 18 வீதமும் மரணம் குறைந்தமை 1996 இல் வெளியாயிற்று. மினசோட்டா ஆய்வின் பயன் 30 ஆண்டுகளுக்குப் பின்னரும் நீடித்ததென 2013 இல் உறுதியாயிற்று. எனினும் எல்லாக் காரணங்களாலும் நிகழ்ந்த மொத்த மரணங்களில் அவ்வாய்வு வேறுபாட்டைக் காணவில்லை. மொத்த மரணங்களில் இப்புற்றுநோயின் பங்கு சிறியது. ஒரு நோயைத் தடுக்கும் பரிசோதனை எல்லா நோய்களையும் தடுத்துவிடாது என்பதையும் மறத்தலாகாது.

இங்குதான் ஸ்கொட்லாந்தின் டண்டீ நகர ஆய்வாளர்கள் 2018 இல் வெளியிட்ட முடிவு கவனத்திற்குரியதாகின்றது. 2000 முதல் 2016 வரை டேசைட் பகுதியில் இப்பரிசோதனையைச் செய்த ஏறத்தாழ 134,000 பேரின் விபரங்களை அவர்கள் ஆராய்ந்தனர். மலத்தில் குருதி காணப்பட்டோர் பெருங்குடற் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு, காணப்படாதோரைவிட ஏறத்தாழ 8 மடங்காக இருந்தது. இது எதிர்பார்க்கப்பட்டதே. எதிர்பாராதது வேறொன்று: அவர்கள் பிற காரணங்களால் இறக்கும் வாய்ப்பும் 58 வீதம் கூடுதலாக இருந்தது. வயது, பால், வறுமை நிலை, குருதிக்கசிவை உண்டாக்கும் மருந்துகள் ஆகியவற்றைக் கணக்கிற் கொண்ட பின்னரும் இவ்வேறுபாடு மறையவில்லை. குருதிச் சுற்றோட்ட நோய்கள், சுவாச நோய்கள் முதலியன அக்காரணங்களுள் அடங்கும்.

அந்தக் குருதி ஏனைய நோய்களை உண்டாக்குகின்றது என்பது இதன் பொருளன்று. உடலெங்கும் பரவிய அழற்சியின் அடையாளமாக அது இருக்கக்கூடும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. அது இன்னும் நிறுவப்படவில்லை. ஆயினும் குடலைக் கமராக் குழாயால் பார்த்துப் 'புற்றுநோய் இல்லை' என்று சொல்லப்பட்டவர், அத்துடன் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடலாகாது. குருதி அமுக்கம், நீரிழிவு, இருதய நலம் என்பவற்றையும் குடும்ப வைத்தியரிடம் கேட்டறிய அது தக்க தருணமாகும். பிரித்தானியாவில் நீரிழிவும் இருதய நோயும் தெற்காசியரிடையே மிகுதியாக உள்ளமையால், தமிழர்க்கு இது மேலும் பொருந்தும்.

ஆனால் செய்தி கிடைப்பதற்குப் பொதி திறக்கப்பட வேண்டும். இங்கிலாந்தில் முன்னோடித் திட்டம் நடைபெற்ற காலத்தில், தெற்காசிய மக்களிற் பங்குபற்றியோரின் வீதம் ஏனையோரின் வீதத்தில் ஏறத்தாழப் பாதியாகவே இருந்தது. அன்று மூன்று வெவ்வேறு நாட்களின் மலத்தை அட்டையிற் பூசி அனுப்பவேண்டியிருந்தது. இன்று அச்சிரமம் இல்லை. ஸ்கொட்லாந்தில் 2017 முதலும் இங்கிலாந்தில் 2019 முதலும் புதிய 'ஃபிட்' பரிசோதனை நடைமுறையில் உள்ளது. அதற்கு ஒரேயொரு மாதிரி போதும். மனிதக் குருதியை மட்டுமே அது இனங்காணும்.

பெற்றோர்களே, குருதி உண்டு என்ற முடிவு வந்தால் அஞ்சி ஒதுங்காதீர்கள். அம்முடிவைப் பெறுவோரிற் பெரும்பாலானோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. மூலநோயினாலும் குருதி கசியலாம். ஆனால் 'மூலமாகத்தான் இருக்கும்' என்று தாமே தீர்மானித்து அடுத்த பரிசோதனையைத் தவிர்ப்பது பேராபத்தாகும். குருதி இல்லை என்ற முடிவும் ஆயுட்கால உறுதிமொழியன்று. அடுத்த முறையும் செய்தல் வேண்டும். மலத்தோடு குருதி கண்ணுக்குத் தெரிந்தாலோ, காரணமின்றி உடல் மெலிந்தாலோ, மலங்கழிக்கும் வழக்கம் மாறினாலோ பொதிக்காகக் காத்திராது, எந்த வயதினரும் வைத்தியரை நாடவேண்டும்.

இளையோர்களே, வீட்டுக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களைப் படித்துச் சொல்பவர்கள் நீங்களே. குடும்ப வைத்தியரிடம் பதிந்துள்ள முகவரிக்கே இப்பொதி வரும். ஆகவே வீடு மாறியபின் முகவரி திருத்தப்பட்டதா என்று பாருங்கள். அம்மாவிடமும் அப்பாவிடமும், அம்மம்மாவிடமும் தாத்தாவிடமும் கூச்சமின்றித் தமிழில் விளக்கிச் சொல்லுங்கள். சில நிமிட வேலை அது. அதனைச் செய்விப்பது பிள்ளைகளின் கடமையுமாகும்.